வாளும் அதன் உடையும்

யப்பானின் பழைய தலைநகராகிய கியோத்தோவிலே கென்குன் ஆலயம் என்றோர் ஆலயம் உண்டு. பதினாறாம் நூற்றாண்டிலே அந்நாட்டின் பெரும்பகுதியைத் தன் ஆணைக்குள் கொண்டுவந்த ஒடா நொபுநாகா என்னும் தலைவனையே அங்கு தெய்வமாக வைத்துப் போற்றுகின்றனர். அவ்வாலயத்தின் உடைமைகளுள் ஒன்று ஒரு வாள். அதன் அலகு ஏறத்தாழ 67 சென்ரிமீற்றர் நீளமானது. பிடியைக் கழற்றிவிட்டு, பிடிக்குள் மறைந்திருக்கும் அடிக்காம்பை நோக்கினால், அதன் இருபுறமும் பொன் பதித்த எழுத்துக்கள் தோன்றும். பழைய யப்பானிய நாட்காட்டியில் 1560ஆம் ஆண்டுக்குரிய ஐந்தாம் மாதம் பத்தொன்பதாம் நாள் யொஷிமொத்தோவை வென்றபொழுது அவன் வைத்திருந்த வாள் இது என்று ஒரு பக்கம் கூறும். மறுபக்கம் நொபுநாகாவின் பெயரைக் கூறும்.

இவ்வாளைச் செய்தவன் பதினான்காம் நூற்றாண்டிலே யப்பானின் தென்மேற்குப் பகுதியில் வாழ்ந்த சமொஞ்ஜி என்னும் கொல்லன். தக்கேடா நொபுத்தொரா என்னும் பிரபு தன் மகளை இமகாவா யொஷிமொத்தோவுக்கு மணஞ்செய்து கொடுத்தபொழுது இதனை மருமகனுக்குப் பரிசாக அளித்தான் என்பர். ஒக்கேஹசாமாப் போரிலே மருமகன் மடிந்தான். வாள் நொபுநாகாவின் கைக்கு வந்தது. அவன் அதனைத் தனக்கேற்ற அளவுக்குக் குறுக்கி, தன் வெற்றியையும் அதில் எழுதுவித்தான். பின்னர் அது ஹிடெயொஷியின் குடும்பத்தை அடைந்து, அங்கிருந்து தொக்குகவா இயெயசுவிடம் சேர்ந்து, அவன் வழிவந்த ஷோகுன்களின் குலச்சொத்தாயிற்று. 1657ஆம் ஆண்டு எடோ நகரைச் சுட்டெரித்த பெருந்தீயில் அதுவும் வெந்தது. மீண்டும் உலையிலிட்டுப் பதமேற்றினர். ஷோகுன்களின் ஆட்சி முடிந்தபின், பத்தொன்பதாம் நூற்றாண்டிலே, தொக்குகவாக் குடும்பத்தினர் அதனை ஆலயத்துக்கு அளித்தனர்.

இத்தனை கைகள் மாறிய பொருளுக்கு ஒரே பிடியும் ஒரே உறையுமா இருந்திருக்கும்? இரா. ஒவ்வொருவனும் தன் நிலைக்கும் தன் விருப்பத்துக்கும் ஏற்ப அதற்குப் புதிய உடை அணிவித்திருப்பான். யப்பானிய வாளின் சிறப்பியல்பே இதுதான். அலகு வேறு, அதன் அணி வேறு. அலகு உடல், பிடியும் கைகாப்புத் தட்டும் உறையும் உடை. உடலையும் உடையையும் பிணைத்து நிற்பது ஒரு சிறு மூங்கில் ஆணி. சிறு சுத்தியலால் மெல்லத் தட்டினால் ஆணி வெளியேறும், பிடி கழலும், தட்டும் வளையங்களும் ஒன்றன்பின் ஒன்றாக வந்துவிடும். நம்மவர் வீட்டுக் கத்திகளிலே அரக்கை உருக்கிக் காம்பைப் பிடிக்குள் இறுக்குவதுபோல அங்கு இறுக்குவதில்லை. கழற்றுவதற்காகவே பூட்டிய பொருள் அது.

இக்காரணத்தால், வாளைத் தன் விருப்பப்படி அமைத்துக்கொள்ளும் பொழுதுபோக்கு யப்பானிலும் மேலைநாடுகளிலும் இன்றும் பலரிடம் இருந்து வருகிறது. தந்தை விட்டுச்சென்ற வாளுக்கு மகன் புதிய பிடி கட்டுவிக்கிறான். தன் பேரனுக்கெனப் பாட்டன் ஒருவர் கொல்லனிடம் புதிய அலகு செய்வித்து, பழைய கைகாப்புத் தட்டொன்றைத் தேடிப்பிடித்து அதற்குப் பூட்டுகிறார். இத்தகையோர் எதனை மாற்றலாம், எதனைத் தொடவும் ஆகாது என்பதே இங்கு நான் எடுத்துக்கொண்ட பொருள். அன்புமிகுதியால் பாழான குலச்சொத்துக்கள் உலகிலே பல. பகையால் பாழானவற்றிலும் அவை மிகுதியோ என்று எனக்கு ஐயமுண்டு.

முதலில் உடையை நோக்குவோம். உறை செய்வதற்கு ஹோ என்னும் ஒருவகை மக்னோலியா மரத்தையே தெரிந்தெடுப்பர். அது மென்மையானது, பிசினற்றது, அலகிலே கீறல் ஏற்படுத்தாது. மரத்தை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, உட்புறத்தை அலகின் வளைவுக்கேற்பக் குடைந்து, மீண்டும் ஒட்டுவர். ஒட்டும் பசை யாது? சோற்றுப் பசை. இதைவிட வலிய பசை அறியாதவர்களல்லர் அவர்கள். உள்ளே துரு ஏறினாலோ தூசு புகுந்தாலோ உறையைப் பிளந்து துடைத்து மறுபடி ஒட்டவேண்டும் என்பதற்காகவே விட்டுக்கொடுக்கும் பசையை விரும்பினர். உறைக்குள் அலகு மரத்தோடு உராய்வதுமில்லை. அலகின் அடியிலே மாட்டிய செம்புப் பூண் ஒன்று உறையின் வாயை இறுகப் பற்றிக்கொள்ள, அலகு உள்ளே மிதப்பதுபோல நிற்கும்.

ஓர் அலகுக்குச் செய்த உறை வேறோர் அலகுக்குப் பொருந்தாது. ஒவ்வொன்றின் வளைவும் வேறு. ஒத்துப்போகாத இருவரைக் குறித்து ‘வளைவு பொருந்தவில்லை’ என்று யப்பானியர் இன்றும் பேச்சுவழக்கிற் சொல்வர். பிரிந்த கணவனும் மனைவியும் கூடிவிட்டால், ‘பழைய உறைக்குள் அடங்கியது’ என்பர். வாள் இடுப்பை விட்டு நீங்கி ஒன்றரை நூற்றாண்டு ஆகியும் நாவை விட்டு நீங்கவில்லை.

உறையின் மேற்பூச்சு உருஷி என்னும் மரத்தின் பால். மாத்தளைப் பகுதியில் நாம் காணும் அரக்கு வேலை பூச்சியிலிருந்து பெற்ற அரக்காற் செய்வது. இதுவோ மரத்தைக் கீறி எடுக்கும் பால். பச்சையாக இருக்கும்பொழுது மேனியிற் பட்டால் கொப்புளம் எழும். ஈரக்காற்றிலேதான் இறுகும். ஒரு பூச்சு இறுகியபின் தேய்த்து, மறு பூச்சுப் பூசி, மீண்டும் தேய்த்து, இவ்வாறு பல முறை செய்வதால் ஓர் உறை முடிய மாதக்கணக்காகும். பொறுமையில்லாதவன் இப்பொழுதுபோக்கில் இறங்குதல் நன்றன்று.

பிடியின் உள்ளீடும் அதே ஹோ மரம். அதன்மேற் போர்த்துவது திருக்கைத் தோல். திருக்கை வாலைப்பற்றிய கதைகளை நம் கரையோர ஊர்களில் அறியாதார் இலர். அதன் தோலுக்கு இத்தகைய பெருமை உண்டென்பதை நம்மிற் பலர் அறியோம். வெண்மணி பரப்பியதுபோன்ற அதன் சொரசொரப்பு, மேலே சுற்றும் நாடாவை நழுவவிடாது பிடித்துக்கொள்ளும். மென்மரத்துக்கு வலிமையும் கொடுக்கும். சிறந்த தோல்கள் யப்பானியக் கடலிற் கிடையாமையால் ஒல்லாந்தக் கப்பல்களும் சீனக் கப்பல்களும் தென்கடல்களிலிருந்து அங்கு கொண்டுசென்று விற்றன. தோலின்மேல் பட்டு நாடாவோ பருத்தி நாடாவோ தோல்வாரோ நான்கு மீற்றர் வரை சுற்றப்படும். நாடா ஒன்றையொன்று குறுக்கிட்டுச் செல்ல, இடையிடையே சாய்சதுரச் சாளரங்கள் தோன்றி அவற்றினூடே வெண்தோல் தெரியும். ஒவ்வொரு மடிப்பின் கீழும் சிறு கடதாசி ஆப்புக்களைச் செருகி மடிப்பு குலையாமற் காப்பர். நல்ல கட்டின் அடையாளம் கேளுங்கள்: எல்லாச் சாளரமும் ஓரளவாக இருக்கவேண்டும், கட்டைவிரலால் எவ்வளவு தள்ளினாலும் நாடா அசையலாகாது. அசைகின்ற பிடியோடு வாள் பழகுபவன் தன் அயலில் நிற்பவனுக்கு எமனாவான்.

இனி உலோக வேலை. கைகாப்புத் தட்டு ஏழெட்டுச் சென்ரிமீற்றர் அகலமுள்ளது, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அந்தச் சிறிய வட்டத்துக்குள்ளே யப்பானியக் கம்மியர் ஓர் உலகத்தையே அடைத்தனர். பதினைந்தாம் நூற்றாண்டிலே ஷோகுன் ஒருவருக்குப் பணிசெய்த கொத்தோ யூஜோ தொடக்கிய கொத்தோக் குடும்பம் தலைமுறை தலைமுறையாக இத்தொழிலை நடத்திற்று. உலோகப் பரப்பிலே மீன் சினைபோன்ற நுண்மணிகளை வரிசை பிசகாது உளியால் எழுப்பி, அதன்மேற் பொன்னுருவம் அமைப்பது அவர்தம் வழக்கம். செம்பிலே நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு பொன் சேர்த்து, மருந்துநீரிலே கொதிக்கவைத்தால், காக்கைச் சிறகைப்போல ஊதா கலந்த கருமை தோன்றும். ஷக்குடோ என்பது அதன் பெயர். நாலில் ஒரு பங்கு வெள்ளி சேர்த்தது ஷிபுயிச்சி. பெயரின் பொருளே நாலிலொன்று என்பதுதான். அது சாம்பல் நிறம் காட்டும். இந்நிறங்கள் பூச்சல்ல, உலோகத்தின் மேனியில் தோன்றிய மெல்லிய தோல். பித்தளைக் குத்துவிளக்கைத் துலக்குவதுபோல இதனைத் துலக்கினால் சில நிமிடத்தில் வெறுஞ் செம்பே எஞ்சும்.

உருவங்களும் பொருள் கொண்டவை. தும்பி பின்வாங்காது முன்னோக்கியே பறக்கும் என்னும் கருத்தால் அது வெற்றிப் பூச்சி எனப்பட்டு, போர்வீரருக்கு விருப்பமான சின்னமாயிற்று. வாள்வீரன் மியமொத்தோ முசாஷி செய்தான் என்று கூறப்படும் தட்டு வடிவமோ கடலட்டையின் பெயர் பெற்றது. இரு பெருந்துளைகளன்றி அதில் வேறு அலங்காரம் இல்லை. எடோக் கோட்டையில் ஷோகுன் முன்னிலைக்குச் செல்லும் வீரர் கரிய உறையும் கரிய நாடாவுமுள்ள வாளே அணியவேண்டும் என்ற வழக்கம் இருந்தது. அலுவலகச் சீருடையில் உள்ளவன் கைக்குட்டையிலே தன் விருப்பத்தைக் காட்டுவதுபோல, நாடாவின் கீழ் பாதி மறைந்து நிற்கும் இரு சிறு உருவங்களிலேதான் அவர்கள் தம் உள்ளத்தைக் காட்டினர். ஒருவன் நண்டு வைத்தான். இன்னொருவன் நெற்கதிர் வைத்தான்.

இன்று இப்பொழுதுபோக்கில் ஈடுபடுவோர் பலர் இங்கேதான் தவறுகின்றனர். கடைதோறும் வாங்கிய நாகம், பூங்கொத்து, கடலலை, போர்வீரன் அனைத்தையும் ஒரே வாளில் ஏற்றித் திருவிழாக் கடைபோலச் செய்துவிடுகின்றனர். ஒரு கருத்தை எடுத்துக்கொண்டு, அதனையே தட்டிலும் பூணிலும் முனைமூடியிலும் மெல்லிய வேறுபாட்டோடு காட்டுதலே மரபு. வாள் உருவிப் பழகும் இயைடோக் கலையினருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. கனத்த தட்டைப் பூட்டினால் வாளின் எடை கையை நோக்கி வரும், நுனி இலேசாகும். மெல்லிய தட்டைப் பூட்டினால் நுனி கனக்கும். பழகுவோர் பெரும்பாலும் நாகமும் அலுமினியமும் கலந்து வார்த்த, கூரில்லாத பயிற்சி வாளையே கொள்வர். அதற்கு எவ்வணியையும் எப்படியும் மாற்றலாம், பழுதில்லை. கற்றுக்கொள்ள விரும்புவோர் அங்கே கற்றுக்கொள்வதே தகும்.

பழைய அலகோ வேறு. அதிலே முதலில் அறியவேண்டியது அடிக்காம்பு. கொல்லன் தன் பெயரையும், சிலபோது ஊரையும் ஆண்டையும் வெட்டுவது அங்கேதான். பிடிக்குள் இருப்பதால் அவ்விடத்துக்கு எண்ணெய் பூசுவதில்லை. ஆண்டாண்டாகத் துரு ஏறி, கரும்பழுப்பாகி, மேனியோடு மேனியாக இறுகும். அறிஞர் அத்துருவின் நிறத்தையும் செறிவையும் கொண்டு வயதை மதிப்பர். பெயர் உண்மையா, பின்வந்தோர் வெட்டிய பொய்யா என்பதையும் அதனாலேயே உணர்வர். அத்துருவைத் தேய்த்து அகற்றியவன் வாளின் பிறப்புச் சான்றிதழைக் கிழித்தெறிந்தவனாவான்.

இதனைச் சொல்லும்பொழுது என் சிறுவயதுச் செயலொன்று நெஞ்சிற் குத்துகிறது. எங்கள் வீட்டிலே என் பாட்டனாரின் பாட்டனார் ஏடெழுதிய எழுத்தாணி ஒன்று இருந்தது. துருப்பிடித்துக் கிடக்கிறதே என்று நான் ஒருநாள் செங்கற்றூளும் புளியும் இட்டு மாலைவரை தேய்த்தேன். அது பளபளத்தது. பெருமையோடு பாட்டியாரிடம் கொண்டுபோய் நீட்டினேன். அவர் அதனை ஒளியிலே திருப்பித் திருப்பிப் பார்த்தார். தண்டின்மேல் மெல்லிய கோடுகளாய் இருந்த பெயரை நான் தேய்த்துவிட்டிருந்தேன். ‘நல்லாய்த்தான் மினுக்கியிருக்கிறாய், மோனை’ என்று மட்டும் சொல்லி உள்ளே போய்விட்டார். அடித்திருந்தால் ஆறியிருப்பேன்.

யப்பானியரே எல்லாக் காலத்திலும் அடிக்காம்பை மதித்தனர் என்று கூறமுடியாது. குதிரைமேலிருந்து வீசிய நெடுவாள் வழக்கொழிந்து, நடந்து போர்புரிவோரின் குறுகிய வாள் வழக்கிற்கு வந்தபொழுது, பழைய அலகுகளை அடிப்பக்கத்திலிருந்து வெட்டிக் குறுக்கினர். வெட்டுண்ட துண்டோடு கொல்லனின் பெயரும் போயிற்று. நொபுநாகா செய்ததும் அதுவே. பெயரிழந்த அலகுகளை ஆராய்ந்து, இன்னான் செய்தது என்று தீர்ப்பளித்து, அத்தீர்ப்பைப் பொன்னால் அடிக்காம்பிற் பதிப்பித்தது ஹொன்அமி என்னும் மெருகேற்றுநர் குடும்பம். சில வீட்டாரோ, குறுக்கும்பொழுதே பெயருள்ள பகுதியை வெட்டாமல் மடித்து மேற்புறத்திலே பதித்து வைத்தனர். வாள் ஆயுதமாயிருந்த காலத்தில் உயிர்காக்க வேண்டிக் குறுக்கினார்கள். அதனை நாம் குறைகூற வேண்டியதில்லை. அந்தத் தேவை போய்விட்ட இக்காலத்தில், தன் சுவருக்கு அழகாக இருக்குமென்று ஒருவன் பழைய அலகை வெட்டினாலோ சாணையிற் பிடித்தாலோ, அதனைப் பொறுத்தற்கில்லை. மெருகேற்றுதல்கூடத் தேர்ந்த வல்லுநரின் வேலை. பலவகைக் கற்களால் நாட்கணக்கிற் செய்யும் அவ்வேலையிலும் ஒவ்வொரு முறையும் இரும்பு சிறிது தேய்ந்தே போகும்.

ஆகவே குடும்ப வாளுக்குப் புதிய உடை அணிவிக்க விரும்புவோர் கைக்கொள்ளும் வழி இது. அலகை முதலில் மெழுகோ வண்ணமோ இல்லாத வெண்மர உறையொன்றிலே உறங்கவைப்பர். அதற்கும் சோற்றுப் பசைதான். தந்தை பூட்டியிருந்த பழைய அணியைக் கழற்றி எறிவதில்லை. அலகின் அளவிலே மரத்தால் ஒரு போலி அலகு செய்து, அதன்மேல் பழைய பிடியையும் தட்டையும் உறையையும் பூட்டி, முழு வாள் போலவே வைத்துவிடுவர். பிறகு தன் விருப்பப்படி புதிய அணி செய்விக்கலாம். ஓர் அலகு, தந்தையின் உடை ஒன்று, மகனின் உடை ஒன்று. பேரன் வந்து மூன்றாவதையும் சேர்ப்பான்.

அலகுக்கு இடையிடையே மெல்லிய எண்ணெய் பூசவேண்டும். அவ்வெண்ணெயில் மணப்பது நம் கராம்பு. கராம்பு யப்பானில் விளைவதன்று. கடல்வழியே சென்ற பொருள். ஆயினும் கூர்முனையோரம் பதமேற்றும்பொழுது தோன்றும் வெண்கோட்டின் புகழ்பெற்ற வடிவமொன்றுக்குக் கராம்பு மொட்டின் பெயரையே அவர்கள் இட்டிருக்கின்றனர். மூங்கிலாணியை இரும்பாணியாக மாற்றிவிடுவோரும் உண்டு, அது பிழை. மூங்கில் நார் அடியைத் தாங்கி வளைந்துகொடுக்கும். தேய்ந்தால் புதிது செதுக்கிக்கொள்ளலாம்.

இந்த உடைகள் உடலைவிட்டுப் பிரிந்த சோகக்கதை 1876ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் நாள் தொடங்குகிறது. படையினர், பொலிசார், சடங்குகளில் உரிமையுடையோர் தவிர எவரும் வாள் அணியலாகாது என்று அரசு அன்று கட்டளையிட்டது. வறுமையுற்ற பல குடும்பங்கள் அணிகளைக் கழற்றி விற்றன. கைகாப்புத் தட்டுக்கள் கப்பலேறி ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் சென்று, தனித்தனிக் கலைப்பொருளாயின. பல நூற்றாண்டுக் கம்மியர் பலர் ஒரு தலைமுறையிலே தொழிலிழந்தனர். அவருள் தலைசிறந்தவரான கனோ நற்சுவோ, புதிய அரசின் நாணயங்களுக்கு வடிவம் செதுக்கியவர். பின்னர் தோக்கியோ நுண்கலைப் பள்ளியிலே பேராசிரியரானார். அவருக்கு வழி கிடைத்தது, எல்லோருக்கும் கிடைக்கவில்லை.

1934 முதல் படை அதிகாரிகளுக்குப் பழைய வடிவத்தை ஒத்த வாள் அணி விதிக்கப்பட்டது. தொழிற்சாலை அலகை வாங்கினோர் பலர். வேறு பலர் பாட்டனின் அலகையே எடுத்து, செரிப்பூச் சின்னமிட்ட படையணிக்குள் செருகிக்கொண்டு போர்முனைக்குப் போயினர். 1945இல் யப்பான் சரணடைந்தபொழுது அவ்வாள்கள் வெற்றிபெற்ற படையினரின் கைக்குச் சென்றன. நினைவுப்பொருளாகக் கடல் கடந்தன. இன்று அமெரிக்க வீடுகளிலே பேரப்பிள்ளைகள் பரண்மேற் கிடந்த வாளை எடுத்து, ‘புதிய பிடி கட்டுவோம்’ என்று கழற்றும்பொழுது, எளிய படைப்பிடிக்குள்ளே பல நூற்றாண்டு வயதுடைய அலகு வெளிப்படுதல் உண்டு. சில பிடிகளிலே, ஒப்படைத்தவரின் பெயரும் ஊரும் எழுதிய சிறு சீட்டும் தொங்கும். அழுக்குத் துண்டென்று அதனை அறுத்தெறிவோருமுளர். அச்சீட்டைப் படிப்பித்துப் பார்த்து, உரிய குடும்பத்தைத் தேடி வாளைத் திருப்பிக் கொடுத்தோருமுளர்.

யப்பானுக்குள்ளேயும் வீடுதோறும் வாள்கள் பறிமுதலாயின. பல உருக்கப்பட்டன; பல கடலில் எறியப்பட்டன. ஹொன்மா ஜுஞ்ஜி என்னும் அறிஞரும் அவரைச் சார்ந்தோரும் அமெரிக்கப் படையைச் சேர்ந்த கேணல் காட்வெல்லிடம் எடுத்துரைத்ததன் பயனாகவே, கலைமதிப்புடைய வாள்கள் விலக்குப் பெற்றன. இன்றும் அங்கே வாள் ஒவ்வொன்றும் பதிவுச்சீட்டோடுதான் இருக்கவேண்டும். கை மாறினால் 20 நாளுக்குள் அறிவிக்கவேண்டும். புதிய அலகு செய்ய விரும்பும் கொல்லன் ஐந்தாண்டு குருவினிடம் பயிலவேண்டும். அனுமதி பெற்றபின்னும் மாதத்துக்கு நெடுவாள் இரண்டுக்குமேற் செய்யலாகாது.

தோக்கியோவின் வடபகுதியாகிய அக்கபானேயில் அமெரிக்கப் படையின் கிடங்கொன்றிலே குவிந்திருந்த வாள்களுள் ஏறத்தாழ 5,500ஐத் தெரிந்தெடுத்து, தோக்கியோ தேசிய நூதனசாலையிலே சேர்த்தனர். அங்கே அவை அரை நூற்றாண்டு கிடந்தன. 1995ஆம் ஆண்டு ஒரு சட்டம் இயற்றி உரியவரைத் தேடினர். உரியவரிடம் திரும்பியவை மிகச் சில. உடையெல்லாம் போய்விட்டமையால், எந்த வீட்டு வாள் எது என்பதற்குச் சான்றில்லாமற் போயிற்று. ஆனால் அடிக்காம்பிலே கொல்லர்களின் பெயர்கள் இருந்தன. அப்பெயர்களைக்கொண்டு, 1999ஆம் ஆண்டு மூவாயிரத்துக்கு மேற்பட்ட வாள்களை நாடெங்குமுள்ள நூதனசாலைகளுக்குப் பகிர்ந்தனர். ஒவ்வொன்றும், இயன்றவரை, தான் பிறந்த உலைக்களத்தின் நாட்டுக்கே போய்ச் சேர்ந்தது.